மிதிவண்டியில் இமயப் பயணம்

மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்பவர் என்றவுடன், வலிய கால்களும் தளராத நெஞ்சமும் உடைய வீரர் ஒருவரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதுகின்றன. இத்தனை நாளில் இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வெளியாகும். மாலையும் கழுத்துமாக ஒரு படமும் வெளியாகும். அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், எதை உண்டார், நனைந்த காலுறையை எங்கே உலர்த்தினார், இரவில் உறக்கம் வந்ததா என்பனவற்றை யாரும் கேட்பதில்லை. மலைநாட்டு மிதிவண்டிப் பயணம் என்பதோ பெரும்பாலும் இவைதாம். அடுப்பு, படுக்கை, மருந்துப் பை, கருவிப் பை ஆகிய அனைத்தையும் இரண்டு சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு நாள்தோறும் வீடு மாறும் குடித்தனம் அது. அந்தக் குடித்தனம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இன்று மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துக்கூற விரும்புகிறேன்.

மலை என்று பொதுவாகப் பேசினால் செய்தி விளங்காது. ஆகவே ஒரு குறிப்பிட்ட பாதையை எடுத்துக்கொள்வோம். இமாசலப் பிரதேசத்தில் உள்ள மணாலியிலிருந்து லடாக்கின் தலைநகராகிய லே வரையில் செல்லும் நெடுஞ்சாலை அது. அதன் நீளம் ஏறத்தாழ 475 கிலோமீட்டர். 1960ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற எல்லைச் சாலைகள் அமைப்பினர் ஆண்டுதோறும் பனியை வெட்டி அகற்றி இச்சாலையைத் திறக்கின்றனர். பொதுமக்களுக்கு இது 1989ஆம் ஆண்டில் திறந்துவிடப்பட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் மிதிவண்டிக்கு ஏற்ற காலம். வழியில் ஐந்து கணவாய்களைக் கடக்க வேண்டும். முதலாவது ரோஹ்தாங், 3,978 மீட்டர். கடைசியானது தங்லங் லா, 5,328 மீட்டர். லா என்பது திபெத்திய மொழியில் கணவாயைக் குறிக்கும் சொல். நம் நாட்டுத் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தொட்டபெட்டாக்களை அடுக்கினாலும் தங்லங் லாவின் உயரத்தை எட்டா. அவ்வுயரத்தில் ஒரு சாலை செல்கிறது. அதில் மனிதன் மிதிவண்டி மிதித்துச் செல்கிறான்.

பேருந்தில் இரண்டு நாளில் முடியும் இவ்வழிக்கு மிதிவண்டிக்காரர் பத்துப் பதினொரு நாள் எடுத்துக்கொள்கிறார். ஒரு நாளைக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர்தானா என்று நீங்கள் நகைக்கலாம். பள்ளிக்கு நாள்தோறும் 20 கிலோமீட்டர் மிதித்து வந்து போன மாணவர்களை நான் அறிவேன். அவர்கள் கேட்டாலும் நகைக்கவே செய்வார்கள். காரணத்தைச் சொல்லுகிறேன்.

பயணியின் நாள் விடியுமுன்னரே தொடங்கிவிடுகிறது. கூடாரத்தின் உட்புறம், இரவில் அவர் விட்ட மூச்சின் ஈரம் உறைபனியாகப் படிந்திருக்கும். தலையை நிமிர்த்தினால் அது கழுத்தில் உதிரும். தண்ணீர்க் குப்பி உறையாமல் இருப்பதற்காக அதனைத் தம்முடன் உறக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்திருப்பார். முதலில் எரிவாயு அடுப்பை மூட்டித் தேநீர். பிறகு ஓட்ஸ் கஞ்சி; கூடாரக் கடை அருகில் இருந்தால் பராத்தாவும் முட்டையும். அதன்பின் பொருள்களைக் கட்டும் வேலை. பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பக்கப்பைகளில் எடை சமமாக இருத்தல் வேண்டும். இன்றேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மாலையில்தான் தேவைப்படும் பொருள் அடியில், மழைச்சட்டையும் கையுறையும் மேலே. இதில் ஒருநாள் ஒழுங்கு தவறினாலும், கணவாயின் உச்சியில் பனிமழையில் நின்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேட நேரும்.

இவ்வளவு விரைவாக ஏன் புறப்பட வேண்டும்? வெயிலுக்கு அஞ்சி அன்று, நீருக்கு அஞ்சி. சாலையின் குறுக்கே பனியாறுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் பல. அவற்றை அப்பகுதியில் நாலா என்பர். எல்லாவற்றிற்கும் பாலம் இல்லை. இரவில் பனி உருகுவது நின்றுவிடுகிறது. ஆதலால் அதிகாலையில் ஓடை கணுக்கால் அளவே இருக்கும். கதிரவன் ஏற ஏற, மேலே பனி உருகத் தொடங்கும். அந்நீர் கீழே வந்து சேர்வதற்குப் பிற்பகல் ஆகிவிடும். காலையில் குழந்தையும் கடக்கக்கூடிய ஓடை, மாலை நான்கு மணிக்கு முழங்காலுக்கு மேல் பழுப்பு நிறமாகப் புரண்டு ஓடும். நீருக்கடியில் கற்கள் உருளும் ஓசை கரையில் நிற்பவருக்குக் கேட்கும். அத்தகைய ஓடையில் வண்டியோடு இறங்குதல் கூடாது. பழகிய பயணிகள் காலணியைக் கழற்றிச் செருப்பு அணிந்து, முதலில் பைகளை அக்கரை சேர்த்துவிட்டு, மறுபடி வந்து வண்டியைத் தூக்கிச் செல்வர். காலணியோடு இறங்குபவர் அன்று முழுதும் ஈரக் காலுடன் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் ஈரக் காலுறை உலராது. நேரம் கடந்து வந்து சேர்ந்தால், இக்கரையிலேயே கூடாரம் அடித்துப் படுத்து, விடியலில் கடப்பதே முறை. காற்றும் அப்படித்தான். காலையில் அடங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கில், மலைச்சரிவுகள் சூடேறியபின் பிற்பகலில் எதிர்க்காற்று எழுந்துவிடும். ஆகவே அங்கே கடிகாரம் என்பது பனியும் கதிரவனுமே.

இனி ஏற்றத்தைப் பார்ப்போம். இங்கே சிறிது கணக்கு உண்டு, சலித்துக்கொள்ள வேண்டா. நம் ஊர்ச் சாதாரண மிதிவண்டியில் முன்னே உள்ள பல்சக்கரத்திற்கு 44 பற்கள் என்றும், பின்னே உள்ளதற்கு 18 என்றும் கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஒருமுறை முழுதாக மிதித்தால் வண்டி 5.4 மீட்டர் நகரும். சமவெளிக்கு இது மிகப் பொருத்தம். மலைப் பயண வண்டியில் மிகக் குறைந்த கியரில் முன்னே 22 பற்கள், பின்னே 34. சக்கரமும் சற்றுச் சிறியது. அதில் ஒருமுறை மிதித்தால் வண்டி 1.3 மீட்டரே நகரும். செய்யும் வேலையின் மொத்த அளவு குறையவில்லை. ஆனால் அவ்வேலை நான்கு சிறு கூறுகளாகப் பகிரப்பட்டுவிட்டது. மூட்டை நெல்லை ஒரே தூக்கில் பரணில் ஏற்றுவதற்கும், நான்கு மரக்காலாக ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

இச்சிறிய உண்மையை உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பிரான்சு நாட்டில் வெலோசியோ என்னும் புனைபெயருடன் வாழ்ந்த பால் தெ விவி (1853–1930) என்பவர், மலைநாட்டில் கியர் மாற்றும் வண்டியே தக்கது என்று வாழ்நாள் முழுதும் எழுதி வந்தார். பசி வருமுன் உண்ண வேண்டும், தாகம் வருமுன் பருக வேண்டும் என்பனவும் அவர் பயணிகளுக்கு விதித்த ஒழுங்குகள். ஆயினும், சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவிக்குப் பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற பந்தயத்தில் 1937 வரையில் இடமளிக்கப்படவில்லை. வீரன் என்பவன் கருவியின் துணையை நாடலாமா என்பது அக்காலத்தார் எண்ணம். வேறொரு வகையினரும் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த தெர்வ்லா மர்ஃபி என்னும் பெண்மணி, 1963ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து தில்லி வரையில் தனியே மிதிவண்டியில் வந்தார். கரடுமுரடான சாலைகளில் கியர் கருவி பழுதாகிவிடும் என்று கருதி, புறப்படும் முன்னரே அதனைக் கழற்றிவிட்டார்! மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார். தள்ளிச் செல்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. மணாலிச் சாலையின் ஏற்றங்களில் மிதிப்பவரின் வேகம் மணிக்கு ஐந்து அல்லது ஆறு கிலோமீட்டர்; தள்ளுபவரின் வேகம் மூன்று. அந்த ஏற்றம் ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் நீடிக்கும் என்றால், 40 கிலோமீட்டர் ஏன் ஒரு நாள் உழைப்பு ஆகிறது என்பது உங்களுக்கு விளங்கும்.

ஆனால் நாளொன்றுக்குச் செல்லும் தொலைவைக் குறைப்பது காலின் களைப்பு மட்டும் அன்று. மூச்சுதான் முதற்காரணம். இதுவே என் பேச்சின் நடுநாயகம். ஆதலால் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் 21 விழுக்காடுதான், அது மாறுவதில்லை. ஆனால் காற்றே மெலிந்துவிடுகிறது. 4,300 மீட்டரில் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்கே. தங்லங் லாவில் ஏறத்தாழப் பாதி. ஆகவே அங்கே ஒரு மூச்சு என்பது இங்கே அரை மூச்சு. உடல் இதற்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது: மூச்சு ஆழமாகிறது, நாடி விரைகிறது, சில நாளில் குருதியும் மாறுதல் அடைகிறது. ஆனால் அதற்கு அவகாசம் தர வேண்டும். அவகாசம் தராமல் ஏறினால் மலைநோய் காணும். தலைவலி, பசியின்மை, குமட்டல், உறக்கமின்மை, கிறுகிறுப்பு என்று அது தொடங்கும். மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து, ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கும். மூளையில் வீக்கம் கண்டால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். இவ்விரண்டும் உயிர் கொள்ளும் நோய்கள்.

இளைஞர்கள் இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வாங்குதல் வேண்டும். உடல் வலிமை இந்நோய்க்கு அரண் ஆகாது. இந்தர் சிங் என்னும் இராணுவ மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும், உயர்ந்த மலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட நம் படைவீரர் 1,925 பேரிடம் இந்நோயை ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் அனைவரும் பயிற்சி பெற்ற வலிய உடலினர். யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைத் தோளின் அகலத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. சொல்லப்போனால் வலியவருக்கே ஆபத்து மிகுதி. அவரால்தானே ஒரே நாளில் மிக உயரம் ஏற முடிகிறது!

மருத்துவர்கள் கூறும் விதி எளியது. 3,000 மீட்டருக்கு மேல், முந்திய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அன்றிரவு உறங்குதல் ஆகாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கியிருக்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் இறங்கி வந்து படுத்தால் குற்றமில்லை. இக்காரணம் பற்றியே மிதிவண்டிப் பயணிகள் பலர் இன்றும் ரோஹ்தாங்கின் மீது ஏறிச் செல்லும் பழைய சாலையை விரும்புகின்றனர். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், அம்மலையின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. லே செல்லும் வண்டிகள் பெரும்பாலும் அதன்வழியே சென்றுவிடுகின்றன. மேலே ஏறி 3,978 மீட்டரை நெஞ்சுக்குக் காட்டிவிட்டு, மறுபுறம் 3,100 மீட்டர் அளவில் சந்திரா ஆற்றங்கரையில் இறங்கிப் படுப்பவருக்கு அது மலை தரும் முதற்பாடம். சுரங்கத்தின்வழிச் செல்பவருக்கு அப்பாடம் கிடைப்பதில்லை.

அடுத்து வருவது கேலாங். அங்கே கடைத்தெரு உண்டு; மருத்துவமனை உண்டு; ஒரு நாள் தங்குவதற்கு ஏற்ற ஊர். அதன்பின் தார்ச்சா, 3,360 மீட்டர். அதற்கு அப்பால்தான் இவ்வழியின் பொறி இருக்கிறது. தார்ச்சாவிலிருந்து பாராலாச்சா லா என்னும் 4,890 மீட்டர்க் கணவாயைக் கடந்தால் சர்ச்சு. அது சாரப் ஆற்றின் கரையில் உள்ள பரந்த மேட்டுச் சமவெளி. கூடாரக் கடைகளும் முகாம்களும் நிறைந்தது. உயரம் 4,290 மீட்டர். கால் வலிமை உடையவர் விடியலில் தார்ச்சாவை விட்டால் அந்திக்குள் சர்ச்சுவில் இருக்கலாம். ஆனால் உறங்கும் உயரம் ஒரே நாளில் 930 மீட்டர் கூடிவிடுகிறது. நள்ளிரவில் நோய் கண்டால் எங்கே இறங்குவது? தெற்கே திரும்பினால் 600 மீட்டர் ஏறிப் பாராலாச்சாவைக் கடந்தாக வேண்டும். வடக்கே சென்றால் நக்கீ லா, அதன்பின் 5,065 மீட்டர் உயரமுள்ள லாச்சுலுங் லா. அவற்றைக் கடந்தாலும் வரும் பாங் என்னும் இடம் சர்ச்சுவைவிட உயரமானது. நோய்க்கு மருந்து இறங்குதல். சர்ச்சுவிலோ ஏறாமல் இறங்க முடியாது. ஆதலால் அறிவுடையோர் இடையிலேயே, 3,800 மீட்டர் அளவில் பட்ஸியோவில் ஓர் இரவும், அதற்கு மேலே ஜிங்ஜிங்பாரில் ஓர் இரவும் தங்கிச் செல்வர்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் நண்பருடன் இவ்வழியே சென்றவர், சர்ச்சுவில் கழித்த இரவைப் பற்றி எனக்குச் சொன்னதுண்டு. ஒரு நாளை மிச்சப்படுத்த எண்ணித் தார்ச்சாவிலிருந்து நேரே வந்துவிட்டனர். நள்ளிரவில் பக்கத்தில் படுத்திருந்த நண்பரின் மூச்சு நின்றுவிட்டது. இவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். ஏழெட்டு விநாடி கழித்துப் பெருமூச்சாக அது மீண்டு வந்தது. மறுபடியும் நின்றது, மறுபடியும் வந்தது. உயரத்தில் உறங்குவோர் பலருக்கும் மூச்சு இவ்வாறு விட்டு விட்டு வருவது உண்டு, அதுமட்டும் நோயன்று. ஆனால் காலையில் நண்பருக்குத் தலை பிளப்பதுபோல வலித்தது. ஆம்லெட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை மற்றொரு காலின் விரல்களோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடந்து காட்டும்படி இவர் கேட்டார். இஃது மலைப்பயணிகள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய எளிய சோதனை. நண்பர் நான்காவது அடியில் சாய்ந்தார். சாய்ந்தும் ஒப்பவில்லை. “இவ்வளவு தூரம் வந்தபின் லாரியில் ஏறித் திரும்பினால் ஊரில் என்ன சொல்வார்கள்?” என்று சினந்தார். இவர் விவாதம் செய்யவில்லை. மணாலிப் பக்கம் சென்ற முதல் லாரியை நிறுத்தி, இரு வண்டிகளையும் மேலே ஏற்றி, நண்பரை ஓட்டுநரின் அருகே அமர்த்தி, பாராலாச்சாவைத் தாண்டிக் கேலாங்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மருத்துவரும் பார்த்தார். அன்று மாலையே நண்பர் சோறு கேட்டாராம். இரண்டாவது நாளும் அவர் இவரோடு பேசவில்லை என்பதையும் அம்மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நலம் பெற்று மூன்று நாள் தங்கியபின், இருவரும் மறுபடி தொடங்கி, இம்முறை இரவுக்கு இரவு அளந்து ஏறினர்.

உணவுக்கு வருவோம். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோகிராம் என்று கொண்டால், 1,000 மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 235 கிலோகலோரி வேலை வேண்டும். நம் உடல் தான் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாகத் தரும். எஞ்சியது வெப்பமாகப் போகிறது. ஆகவே அந்த ஏற்றத்திற்கு மட்டும் 1,000 கிலோகலோரிக்குக் குறையாமல் உணவு தேவை. அரிசியாகச் சொன்னால் 300 கிராம். மூச்சுக்கும் குளிருக்கும் நாள்முழுதும் உடல் இயங்குவதற்கும் வேண்டியது தனி. உயரமோ பசியைக் கெடுக்கிறது. பசித்தால் உண்போம் என்று இருப்பவர் மூன்றாம் நாள் சாலையோரத்தில் உட்கார்ந்துவிடுவார். சட்டைப்பையில் வேர்க்கடலை, வெல்லம், உலர்ந்த பாதாமிப் பழம் முதலியவற்றை வைத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை கடமையாக மெல்ல வேண்டும். தண்ணீரும் அப்படியே. உலர்ந்த குளிர்காற்றில் மூச்சோடு நீர் வெளியேறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. நாளுக்கு நான்கு லிட்டராவது பருகுதல் வேண்டும். பனியுருகிய நீர் பளிங்குபோல் தோன்றினாலும், மேலே ஆட்டு மந்தைகள் மேய்வதால் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும் என்பது கணக்கு. ஏனெனில் சர்ச்சுவில் நீர் 86 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. ஆதலால் எந்தக் கூடாரக் கடையிலும் நீங்கள் முதலில் கேட்பது பிரஷர் குக்கரின் சீழ்க்கை ஒலிதான். ராஜ்மாவும் சோறும், நூடுல்ஸ், முட்டை, தேநீர் இவை எங்கும் கிடைக்கும். சில இடங்களில் துக்பா என்னும் லடாக்கியக் குழம்புணவும், உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரும் கிடைக்கும்.

இக்கடைகள் பலவும் பழைய பாராசூட்டுத் துணியால் அமைந்த வட்டக் கூடாரங்கள். நடுவில் அடுப்பு, சுற்றிலும் மேடையிட்டு மெத்தையும் கம்பளமும். உண்பவரே இரவில் அங்கே படுத்துக்கொள்ளலாம். லாரி ஓட்டுநர், படைவீரர், மிதிவண்டிக்காரர் எல்லோரும் வரிசையாக உறங்குவர். கடையை நடத்துவோர், பாங் போன்ற இடங்களில் பெரும்பாலும் பெண்களே, கோடை நான்கு மாதத்திற்கு வந்து பனி விழுமுன் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகின்றனர். மேலே செல்லச் செல்ல விலை கூடும். அதற்காக முணுமுணுக்கும் பயணிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒரு முட்டை உடையாமல் நான்கு கணவாய் கடந்து வந்திருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சர்ச்சுவுக்கு அப்பால் காட்டா என்னும் இடத்தில் 21 கொண்டையூசி வளைவுகள். அங்கே ஒரு வளைவின் ஓரமாகத் தண்ணீர்க் குப்பிகள் குவிந்து கிடக்கும். பழுதாகி நின்ற லாரியைக் காவல் காத்திருந்த உதவியாளர் ஒருவர், உதவி வருமுன் குளிரிலும் தாகத்திலும் இறந்துபோனார் என்றும், வழிப்போக்கர் அவருக்காக நீர் வைத்துச் செல்கின்றனர் என்றும் ஓட்டுநர்கள் கூறுவர். கதையில் உண்மை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஏற்றத்தில் தம் குப்பியில் எஞ்சிய நீரை அளந்து அளந்து குடித்து வரும் மிதிவண்டிக்காரர் யாரும் அவ்விடத்தில் வேடிக்கை பேசுவதில்லை.

ஏற்றம் முடிந்தால் இறக்கம் இன்பம் என்று நினைப்பீர்கள். உச்சியில் வியர்த்த உடலோடு அப்படியே இறங்கினால் பத்தே நிமிடத்தில் விரல் விறைத்துப்போய்ப் பிரேக்கைப் பிடிக்க வராது. ஆகவே கையுறையும் மேற்சட்டையும் முதலில். பிரேக்கிலும் கணக்கு உண்டு. ஏறும்போது சேர்ந்த ஆற்றல் முழுதும் இறங்கும்போது வெப்பமாகக் கழிந்தாக வேண்டும். 1,000 மீட்டர் இறக்கத்தின் வெப்பம், சர்ச்சுவின் குளிர்ந்த நீர் மூன்று லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மற்றது பிரேக்கில் இறங்கும். சக்கர விளிம்பைப் பற்றும் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் விளிம்பு சுட்டு, டியூப் வெடிப்பதும் உண்டு. விட்டு விட்டுப் பிடித்தலும், இடையிடையே நின்று ஆறவிடுதலும் நலம்.

மாலை முகாமில் வண்டிக்கு மருத்துவம் நடக்கும். சங்கிலியில் படிந்த மணற்புழுதியைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுதல், ஆரக்கம்பிகளைச் சுண்டிப் பார்த்துத் தளர்ந்ததை முறுக்குதல், டயரில் புதைந்த கற்சில்லைத் தோண்டி எடுத்தல் ஆகியவை. சுமை முழுதும் பின்சக்கரத்தின்மேல் இருப்பதால் கம்பி முறிந்தால் அங்கேதான் முறியும். அதிலும் பல்சக்கரங்களின் பக்கம் முறிந்தால் அவற்றைக் கழற்றாமல் புதுக்கம்பி கோக்க இயலாது. அதற்குரிய கருவியைக் கையோடு கொண்டு செல்லாதவர், கேலாங்கைத் தாண்டியபின் யாரிடம் போய்க் கேட்பார்? பஞ்சர் ஒட்டும் பசையும் குளிரில் எளிதில் காயாது. ஆதலால் ஒட்டும் வேலையை இரவுக்கு ஒதுக்கி, வழியில் மாற்று டியூபையே போட்டுக்கொள்வர். இவையெல்லாம் முடிந்தபின் முகத்தில் வெடித்த தோலுக்கும் உதட்டுக்கும் களிம்பு. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் புறஊதாக் கதிர்களின் கடுமை ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுகிறது.

பாங்கைக் கடந்து ஓர் ஏற்றம் ஏறினால் மோரே சமவெளி. 4,700 மீட்டர் உயரத்தில் 40 கிலோமீட்டர் நீளத்திற்குத் தரை தட்டையாகக் கிடக்கிறது. ஆட்டு மந்தைகளோடு சாங்பா மக்களின் கறுப்புக் கூடாரங்கள் தொலைவில் தெரியும்; கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக நின்று பார்த்துவிட்டு ஓடும். பாதை தட்டையாயினும் எதிர்க்காற்று அங்கே ஏற்றத்தைவிடக் கொடிது. அதன் முடிவில் தங்லங் லா. அதில் ஏறி மறுபுறம் இறங்கினால் பல நாளுக்குப்பின் முதன்முதலாகப் பசுமை தெரியும்: ரும்த்சே என்னும் சிற்றூரின் வாற்கோதுமை வயல்கள். உப்ஷியில் சாலை சிந்து நதியின் கரையைச் சேர்கிறது. அங்கிருந்து லே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

லே நகரின் உயரம் 3,500 மீட்டர். தில்லியிலிருந்து அன்று காலை விமானத்தில் வந்து இறங்கியவர்கள், மருத்துவரின் சொற்படி விடுதியில் படுத்தே இருப்பார்கள். மாடிப்படி ஏறினால் அவர்களுக்கு மூச்சு வாங்கும். அதே விடுதியில் வெயிலில் கறுத்த மிதிவண்டிக்காரர், மூன்றாம் மாடிக்குத் தம் பைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிச் செல்வார். மறுநாள் கடைத்தெருவில் ஓர் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து, ஊருக்கு அனுப்புவதற்காக வண்டியைப் பிரிப்பார். கைப்பிடியைத் திருப்பி வைப்பார், முன்சக்கரத்தைக் கழற்றுவார், டயரின் காற்றைக் குறைப்பார். கடைசியாக மிதிகட்டைகள். வலப்பக்கத்தது எளிதில் வந்துவிடும். இடப்பக்கத்துத் திருகு மட்டும் எதிர்ப்புறமாகச் சுழல்வது. அதை மறந்து, கழற்றுவதாக எண்ணி அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.